தண்ணீர் ஏறுவதற்குள்

வெயில் எதிர்மலையில் பாதிதான் இறங்கியிருக்கிறது. உச்சியிலிருந்து மெல்லக் கீழே வரும் ஒரு மஞ்சள் கோடு, நேற்றும் முந்தாநாளும் அதை நான் கவனித்ததே இல்லை, இன்றைக்கு அதைத் தவிர வேறு எதையும் பார்க்க முடியவில்லை, அந்தக் கோடு பள்ளத்தாக்கின் தலைமாட்டில் கிடக்கிற பனியைத் தொட்டால் பனி உருகத் தொடங்கும், உருகினால் ஓடை ஏறும், ஏறிவிட்டால் நாளைக் காலைவரை மனுஷனும் குதிரையும் அக்கரை போக முடியாது, கீழே இறங்கும் வழி அக்கரையில்தான் இருக்கிறது. அதற்குள் முடிவு செய்தாக வேண்டும். நான்தான் செய்ய வேண்டும், ஏனென்றால் செய்ய வேண்டியவர் கூடாரத்துக்குள் கம்பளி மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கிறார். தாணுமாலயன் சார். இந்த முகாமின் தலைவர், சுசீந்திரத்துக்காரர், இமயத்தின் இந்த மூலையில் இருபது வருஷமாகக் கல்லைத் தட்டிக்கொண்டிருப்பவர். அவருக்கு அடுத்த பொறுப்பில் இருப்பவள் நான், கமலவேணி, ஆனால் இலாகாவில் யாரும் என்னைப் பெயர் சொல்லிப் பேசியதில்லை, அந்த லேடி ஜியாலஜிஸ்ட் என்பார்கள், இருப்பதே ஒருத்தி, பெயர் எதற்கு. எங்களைத் தவிர இங்கே சமையல் பார்க்கும் பவான் சிங்கும் குதிரைக்காரர் நம்க்யாலும்தான். மரம் என்று ஒன்று கண்ணுக்கெட்டியவரை இல்லை. சரிந்து கிடக்கும் கல், அதற்கு மேல் நிற்கும் கல், அதற்கு மேல் பனி. இந்த இடத்துக்கு வர வேண்டும் என்றுதான் ஏழெட்டு வருஷம் ஆபீஸ் மேஜையில் உட்கார்ந்து ஏங்கினேன், இப்போது மேஜையும் மின்விசிறியும் நினைவுக்கு வருகின்றன, வெட்கமாக இருக்கிறது.

அந்தச் சத்தம். நேற்று ராத்திரியிலிருந்து அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சின்ன வயதில் பப்பாளித் தண்டை ஒடித்துத் தண்ணீரில் விட்டு ஊதுவோமே, குமிழ் குமிழாக அடியிலிருந்து கிளம்பும், அந்தச் சத்தம் அவர் மூச்சின் கடைசியில் வருகிறது. வருகிறதா. கூடாரத்துக்குள் இருக்கும்போது வருகிறது என்று நிச்சயமாகத் தோன்றுகிறது, வெளியே வந்து இந்தப் பாறைமேல் உட்கார்ந்தால் ஓடையின் சத்தம்தான் என் காதுக்குள் தங்கிப்போய் அவர் நெஞ்சுக்குள்ளிருந்து கேட்பதாகப் படுகிறதோ என்று சந்தேகம் வந்துவிடுகிறது. ரோடு முடிகிற இடத்தில் ராணுவ முகாமில் எங்களை உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். இளவயது டாக்டர் ஒருவர், மீசை இன்னும் சரியாக அடர்ந்திருக்கவில்லை, சாரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். சிப்பாய்களுக்கு வருகிறது, நல்ல திடகாத்திரமான ஆட்களுக்கு, உயரத்துக்கு வந்து ஓரிரு நாளில். முதலில் நிமோனியா என்றுதான் நினைத்தோம், நெஞ்சுக்குள் தண்ணீர் கோத்துக்கொள்கிறது, மூச்சில் தண்ணீர்ச் சத்தம் கேட்டால் யோசிக்காதீர்கள், மருந்து கிடையாது, கீழே இறக்குவதுதான் மருந்து. சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவே இல்லை. சர்க்கரைக் கிண்ணத்தை மட்டும் என் பக்கம் நகர்த்திவைத்தார். என்னிடம் சொல்லாத ஒன்று எனக்குத் தெரியும் என்று எப்படிச் சொல்வது. சாரிடம்தானே சொன்னார், சார்தானே கேட்டுக்கொண்டார், அவரே சளி என்கிறார். "நெஞ்சுச்சளி, கேட்டியா. ஒரு நாள் படுத்தா சரியாப் போயிரும். நாளைக்குக் கணவாய் ஏறுகோம்." படுக்கத்தான் முடியவில்லை அவரால். படுத்தால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார், யாரோ தூக்கி நிறுத்திய மாதிரி.

நான் பயந்தவள். அதுதான் சிக்கல், எங்கே சுற்றினாலும் அங்கேயே வந்து முட்டுகிறது. நேற்று அந்தச் சரிவில் என் கால் வழுக்கியது, விழவில்லை, கொஞ்ச தூரம் கல்லோடு கல்லாகச் சறுக்கி ஒரு திட்டில் நின்றேன், அவ்வளவுதான், ஆனால் அதற்கப்புறம் கையை எடுக்க முடியவில்லை, பாறையைப் பிடித்த கை என் பேச்சைக் கேட்கவில்லை, கீழே ஓடை நூலாகத் தெரிந்தது. அப்போதே அவருக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது, ஏறியதால் என்று நினைத்தேன். முன்னால் போனவர் திரும்பி வந்து பக்கத்தில் நின்றார். "இறங்கிடலாங்களா சார்" என்று கேட்டேன். கேட்டேன், என் வாயால்தான் கேட்டேன். அவர் காதில் விழாத மாதிரி எதிர்மலையைப் பார்த்து இருமிக்கொண்டிருந்தார், நான் கையை எடுக்கும்வரை நின்றார், பிறகு நடந்தார். சாப்பிடும்போதுகூட அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கேட்காத மாதிரி இருந்தது எவ்வளவு பெரிய மரியாதை. நேற்று இறங்கிவிடலாமா என்று கேட்டவள் இன்றைக்கும் இறங்கிவிடலாம் என்கிறாள், காரணம் மட்டும் மாறியிருக்கிறது, நேற்று என் கால், இன்று அவர் நெஞ்சு. பயம்தான் வேறு சேலை கட்டிக்கொண்டு வந்து நிற்கிறதோ. அம்மா இப்படித்தான். அப்பா கிணறு வெட்டுகிற காண்ட்ராக்டர், பல்லடம் பக்கம் எத்தனையோ பாறைக்கிணறு அவர் வெடிவைத்தது, வெடித்தவுடன் புகை அடங்கும் முன்னால் கயிற்றைப் பிடித்து இறங்கிவிடுவார், அம்மா கிணற்று மேட்டில் நின்று, "ஏனுங்க, பொகை அடங்கட்டுமுங்க, சித்தெ பொறுங்க" என்பாள், "நீ சும்மா இரு புள்ள" என்று குரல் மட்டும் உள்ளேயிருந்து வரும். ஒவ்வொரு தடவையும் அவர் சிரித்துக்கொண்டே மேலே வந்தார். ஆட்கள் அம்மாவைப் பார்த்துச் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், அப்பா கையில் புதுசாகப் பிளந்த கல் பளபளக்கும், அதை எனக்குத்தான் கொடுப்பார். அம்மா பயந்தது ஒன்றும் நடக்கவில்லை. அப்பா போனது ஒரு சாதாரணக் காய்ச்சலில், அதற்கு அம்மா பயப்படவே இல்லை, கஷாயம் வைத்துக் கொடுத்துவிட்டுக் களைபறிக்கப் போயிருந்தாள். அப்படியென்றால் பயத்துக்கு என்ன தெரியும். பயத்துக்கு ஒன்றும் தெரியாது, அது பாட்டுக்குக் கத்தும், நூறு தடவை கத்தினால் ஒரு தடவை சரியாக இருக்கலாம், அந்த ஒரு தடவை எது என்று அதற்கும் தெரியாது.

கோடு இன்னும் கொஞ்சம் இறங்கிவிட்டது. ஒரு கழுகு அந்த வெளிச்சத்துக்குள் போய்ச் சட்டென்று பொன்னிறமாகி மறுபடி நிழலில் கறுப்பாகிறது. இண்டர்வியூவில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், எல்லோரும் ஆண்கள், ஒருத்தர் கல்யாணம் எப்போது என்றார், ஒருத்தர் கூடாரத்தில் ஆண்களோடு எப்படி இருப்பீர்கள் என்றார், ஒருத்தர் மலையில் குளிக்க வசதி கிடையாது தெரியுமா என்று கேட்டுவிட்டு மற்றவர்களைப் பார்த்துப் புன்னகைத்தார், ஓரத்தில் இருந்த சார் மட்டும் நிமிர்ந்து, "உங்க ஊருக் கெணத்துல என்ன கல்லு வரும்?" என்று தமிழில் கேட்டார். நான் சொன்னேன். எவ்வளவு ஆழத்தில் நிறம் மாறும், எங்கே வெள்ளைக்கல் வரி ஓடும், எந்தக் கல்லில் வெடி உறைக்காது, சொல்லிக்கொண்டே போனேன், அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். வேலை கிடைத்தது, மலை கிடைக்கவில்லை. வருஷக்கணக்காக மற்றவர்கள் நடந்துவிட்டு வந்த இடங்களுக்கு நான் மேஜையில் உட்கார்ந்து வர்ணம் தீட்டினேன், சுண்ணாம்புக்கல்லுக்கு நீலம், களிக்கல்லுக்குச் சாம்பல், என் பென்சில் கோடு ரொம்ப சுத்தம் என்று பாராட்டுவார்கள். இந்த வருஷம் அவர்தான் டெல்லிவரை போய்ச் சண்டை போட்டார், கமலவேணி வரவில்லையென்றால் நானும் போகவில்லை என்றாராம். அந்தக் கணவாய்க்கு அப்பால் இரண்டு பாறைகள் சேருகிற இடம் இருக்க வேண்டும், பழைய கடலின் அடித்தரை முடிந்து வேறொன்று தொடங்குகிற இடம், அது எங்கே என்பதில் அவருக்கும் இலாகாவில் பெரியவர்களுக்கும் ஆயுள்காலச் சண்டை. அவர் சொல்வது சரி என்றுதான் நானும் நம்புகிறேன். கண்ணால் பார்த்தால்தான் ஆயிற்று. பனி விழ ஆரம்பிக்க அதிக நாளில்லை, அடுத்த வருஷம் மலை திறக்கும்போது அவர் ஓய்வு பெற்று சுசீந்திரத்தில் இருப்பார். இன்றைக்கு இறக்கினால் அவர் அதைப் பார்க்கப் போவதே இல்லை. பார்க்க முடியாமல் செய்தவள் யார் என்றால் அவர் சண்டை போட்டுக் கூட்டிவந்தவள். இலாகாவில் எப்படிச் சிரிப்பார்கள் என்று இங்கேயே கேட்கிறது, பெரியவருக்குக் கொஞ்சம் இருமல், அந்த அம்மா அழுதுகொண்டு கூடாரத்தைச் சுருட்டிவிட்டாள், அப்போதே சொன்னோமே. இனி எந்தப் பெண்ணையும் அனுப்ப மாட்டார்கள். எங்கோ ஒரு காலேஜில் ஒருத்தி இப்போது லென்ஸைக் கண்ணுக்கு நேரே பிடித்துக் கல்லைப் பார்த்துக்கொண்டிருப்பாள், அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது, அவளுக்கும் சேர்த்து நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன், இது அநியாயம், ஒரு ஆணுக்குத் தன் பயத்தை மட்டும் சுமந்தால் போதும்.

"மேம்சாப்." பவான் சிங் டீயோடு நிற்கிறார். கர்வால்காரர், இந்தியில்தான் பேசுவார், என் இந்தி அவருக்குச் சிரிப்பு, இன்று சிரிக்கவில்லை. "சாப் கஞ்சியைத் தொடவில்லை. குதிரையைப் புல்லுக்கு விரட்டட்டுமா, பக்கத்திலேயே கட்டிவைக்கட்டுமா என்று நம்க்யால் கேட்கிறார்." உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்கிறேன். அவர் கெட்டிலைக் கை மாற்றிப் பிடிக்கிறார். "சாப் ரொம்ப நல்லவர். சாப் என்ன சொல்கிறாரோ அது." பிறகு, "நீங்கள் சொன்னாலும் செய்வோம்" என்கிறார். சொன்னாலும். அந்த உம் எனக்குக் கேட்கிறது. கட்டிவைக்கச் சொல்கிறேன். இது முடிவு இல்லை, குதிரை பக்கத்தில் இருந்தால் என்ன கெட்டுவிடும், என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு டீயை வாங்கிக்கொண்டு கூடாரத்துக்குள் குனிகிறேன். உள்ளே மண்ணெண்ணெய் வாசனையும் புளித்த வியர்வையும். அவர் உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருக்கிறது. கூடாரத்துணியின் நிழலாக இருக்கலாம். நகத்தைப் பார்க்கிறேன், நகமும். "என்னம்மா, காலம்பறயே மொகத்தை இப்படி வச்சிட்டிருக்கே?" ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் ஒரு இழுப்பு. கைக்குட்டையை மடித்து உள்ளங்கையில் மறைக்கிறார், மறைக்கும் முன் லேசாக ஒரு ரோஸ் நிறம் கண்ணில் படுகிறது, பட்டதா. அவர் தலைமாட்டில் முந்தாநாள் அவரே உடைத்த கறுப்புக் கல் இருக்கிறது, இரண்டாகப் பிளந்து, உள்ளே சுருண்டு கிடக்கிற சங்கு, கடலில் பல கோடி வருஷத்துக்கு முன்னால் நீந்திய பிராணி. அதைத் தட்டிப் பிளந்துவிட்டு அன்று சாப்பாடு ஆறிப்போகிறவரை பேசினார், ஓட்டின் வரியைப் பார், இந்த மாதிரி வரி அந்தப் பக்கத்துக் கல்லில் கிடையாது, இது ஒன்று போதும் அவனுகளுக்கு. ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை, அந்தக் கல்லை எடுத்து அவர் கையில் கொடுத்து, "இது என்னங்க சார்" என்கிறேன். வாங்கிக்கொள்கிறார். திருப்புகிறார். விரல் அந்தச் சுருளின் மேல் போகிறது, ஒரு முறை, இன்னொரு முறை. எத்தனையோ கல்லை அவர் கையில் கொடுத்திருக்கிறேன், வாங்கும்போதே பெயர் வந்துவிடும், பெயர் வந்த பிறகுதான் கண் பார்க்கும். இப்போது குழந்தை மாதிரி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார். "நல்ல கல்லு. எங்க கெடந்துது?"

நல்ல கல்லு. அவர் வாயில் அந்தச் சொல் வந்து நான் கேட்டதில்லை. கல்லில் நல்லது கெட்டது என்ன என்று ஒரு மந்திரியையே கேட்டவர். நான் எழுந்திருக்கிறேன், தலை கூடாரக் கம்பில் இடிக்கிறது, வலிக்கவில்லை. பயம் போய்விட்டதா என்று பார்க்கிறேன், போகவில்லை, அப்படியேதான் இருக்கிறது, ஆனால் அதனிடம் இனி எதையும் கேட்க வேண்டியதில்லை. வெளியே வந்து நம்க்யாலைக் கூப்பிடுகிறேன். குதிரைக்குச் சேணம் போடுங்கள். சாப்பை உட்காரவைத்துத்தான் கொண்டுபோக வேண்டும், நீங்கள் பின்னால் உட்கார்ந்து பிடித்துக்கொள்ளுங்கள். பவான் சிங், கம்பளியும் டீ சாமானும் மட்டும், மற்றது எல்லாம் இங்கேயே கிடக்கட்டும். என் குரலா இது, அப்பா கிணற்றுக்குள்ளிருந்து ஆட்களுக்குச் சொல்கிற குரல் மாதிரி இருக்கிறது. கோடு பனிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, இல்லை, தொட்டுவிட்டது, தொட்டு எவ்வளவு நேரமாயிற்று, நான் உள்ளே எவ்வளவு நேரம் இருந்தேன். அவரைத் தூக்கும்போதுதான் அவருக்குப் புரிகிறது. "எங்க கொண்டு போறே என்னை?" கீழேங்க சார். "யார் ஆர்டர்?" நான்தானுங்க சார். அவர் கையை உதறுகிறார், உதறலில் பலமில்லை, பவான் சிங்கின் தோளைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்க்கிறார், கண் இப்போது தெளிவாகத்தான் இருக்கிறது, ஐயோ தெளிவாக இருக்கிறதே, நான் தப்புச் செய்கிறேனோ. "என்னைக் கேக்காம மொகாமைக் கலைச்சா ரிப்போர்ட்ல எழுதுவேன்." எழுதுங்க சார். "உன்னை மாதிரி இனி ஒருத்தியையும் மலைக்கு விடமாட்டேன், கேட்டியா. நானே நின்னு தடுப்பேன்." மூச்சு முட்டி அந்தக் குமிழ்ச் சத்தம் வருகிறது, இப்போது ஓடையும் இல்லை, என் காதும் இல்லை, நம்க்யால்கூடத் தலையைத் திருப்பிப் பார்க்கிறார். சரிங்க சார், என்கிறேன். முதலில் குதிரையில ஏறுங்க.

ஓடை நிறம் மாறிவிட்டிருக்கிறது, காலையில் கண்ணாடி மாதிரி இருந்தது இப்போது சிமெண்டுத் தண்ணீர். அடியில் கல் உருள்கிற சத்தம் உள்ளங்காலில் தெரிகிறது. குதிரை ஒரு கால் வைத்துப் பின்வாங்குகிறது, நம்க்யால் மேலிருந்தபடியே அதனிடம் எதையோ சொல்கிறார், பவான் சிங் கடிவாளத்தைப் பிடித்து முன்னால் போகிறார், நான் ஓட்டத்துக்குக் கீழ்ப்பக்கம், சார் சரிந்தால் என் மேல்தான் விழுவார், விழுந்தால் இரண்டு பேரும். குளிர் இல்லை இது, கடி. முழங்கால், தொடை, இடுப்பு. அவர் பூட்ஸைக் கட்டிப் பிடித்திருக்கிறேன், ஆணி அடித்த பூட்ஸ், என் கன்னத்தில் உரசுகிறது. நடுவில் என் கால் தரையை இழக்கிறது, ஒரு விநாடி நான் அந்தப் பூட்ஸில் தொங்குகிறேன், நான் அவரைப் பிடித்திருக்கிறேனா அவர் என்னைப் பிடித்திருக்கிறாரா, மேலே எதையோ முணுமுணுக்கிறார், பகவதி பெயராகவும் இருக்கலாம், என்னைத் திட்டுவதாகவும் இருக்கலாம். பிறகு கல் தட்டுப்படுகிறது. கரை. அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிறேன், எங்கள் கூடாரம் சின்னதாக, திறந்த வாயோடு. தண்ணீர் நாங்கள் இறங்கிய இடத்தை மூடிக்கொண்டுவிட்டது.

இறக்கம் இறக்கமாக நடக்கிறோம். ஈரக்கால்சட்டை காய்ந்து விறைத்து மறுபடி வியர்வையில் நனைகிறது. அவர் தலை நம்க்யாலின் நெஞ்சில் ஆடிக்கொண்டே வருகிறது, ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று அவர் மூக்குக்கு நேரே கையை வைத்துப் பார்க்கிறேன், பவான் சிங் வேறு பக்கம் பார்க்கிறார். முதல் முள்செடி. முதல் பசும்புல். மனசு தறிகெட்டு எங்கெங்கோ போகிறது, அவர் மனைவிக்கு என்ன சொல்வது, அந்த அம்மாள் எனக்கென்று ஊறுகாய் கட்டிக் கொடுத்தாரே, அது மேலே கூடாரத்தில் இருக்கிறது, குளிரில் எண்ணெய் உறைந்துபோயிருக்கும், எதை நினைக்கிறேன் பார். மூச்சு நின்றால் குதிரையை நிறுத்த வேண்டுமா, நடந்துகொண்டே இருக்க வேண்டுமா. மத்தியானம் தாண்டி நிழல் நீளும்போது கீழே ஒரு புல்வெளி, ஆடு மேய்க்கிறவர்கள் அடுக்கிய கல்சுவர், நாலைந்து குட்டை மரங்கள். இறக்கிச் சுவரில் சாய்த்து உட்காரவைக்கிறோம். உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிறார். நான் தூங்குகிறவரின் உதட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், நாவல் நிறம் மெல்ல மெல்லச் சாம்பலாகி, சாம்பல் மெல்ல மெல்ல வெறும் உதட்டின் நிறமாகிறது.

கண் விழித்ததும் டீ கேட்கிறார். "சர்க்கரை தூக்கலா" என்கிறார், ஒரே மூச்சில், நடுவில் இழுப்பில்லாமல். குடிக்கிறார். சுற்றிலும் பார்க்கிறார், புல்லை, மரத்தை, தன் பூட்ஸில் காய்ந்த சேற்றை. எல்லாம் புரிகிறது என்று முகத்தில் தெரிகிறது. "ஓடையைத் தாண்டியாச்சா." ஆமாங்க சார். "நான் சொன்னேம்லா, வெறும் சளின்னு. இப்பப் பாரு, ஒண்ணுமில்லே." நான் டம்ளரில் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றுகிறேன். "நீ பயந்துட்டே. என்னா?" பயந்துட்டேனுங்க சார். அவர் தலையை ஆட்டிக்கொள்கிறார், ரொம்ப நாளாகத் தெரிந்திருந்த ஒன்றை யாரோ உறுதி செய்த மாதிரி. அவர் கீழே வந்து பிழைத்துவிட்டார், பிழைத்ததே போதும் நான் தேவையில்லாமல் இறக்கினேன் என்பதற்கு. செத்திருந்தால் மட்டும்தான் நான் சொன்னது சரி என்றாகியிருக்கும். இந்த நினைப்பு வந்ததும் எழுந்து சுவருக்குப் பின்னால் போய் நிற்கிறேன், உடம்பெல்லாம் உதறுகிறது, பல் கிட்டுகிறது, அழுகையா என்று பார்த்தால் அதுவும் இல்லை, ஏதோ ஒரு பாரம் கையை விட்டுப் போன பிறகும் கை அதே மாதிரி மடங்கி நிற்குமே, அது. திரும்பி வரும்போது சார் இந்தியில் நம்க்யாலிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார், இங்கே ஒரு நாள் தங்குவோம், நாளன்றைக்கு மறுபடி ஏறுவோம், வானம் தெளிவாகத்தான் இருக்கிறது. குரலில் அந்தப் பழைய கம்பீரம் பாதி வந்துவிட்டது. நம்க்யால் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மரியாதையாகக் கேட்கிறார். முழுதும் கேட்டு முடித்த பிறகு என் பக்கம் திரும்புகிறார்.

"மேம்சாப், காலையில் எந்தப் பக்கம்?"

சார் என்னைப் பார்க்கிறார். இந்த முகத்தைத்தான் இண்டர்வியூவில் பார்த்தேன், எல்லோரும் சிரித்தபோது சிரிக்காமல் பதிலுக்குக் காத்திருந்த முகம், இப்போதும் காத்திருக்கிறது, நான் வேறு பதில் சொல்ல வேண்டும் என்று கெஞ்சுகிறது. ஏறலாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

"கீழே," என்கிறேன். "டாக்டர் இருக்கிற இடம்வரைக்கும்."

நம்க்யால் தொப்பியைப் போட்டுக்கொண்டு குதிரைக்குத் தண்ணீர் காட்டப் போகிறார். சார் டம்ளரைப் புல்லின் மேல் வைத்துவிட்டு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்கிறார். நான் கம்பளியை எடுத்துக்கொண்டுபோய் அவர் தோளில் போர்த்துகிறேன், அவர் அதை விலக்கவும் இல்லை, இழுத்து மூடிக்கொள்ளவும் இல்லை.